சொன்ன பேச்சு கேட்ட ரத்த அழுத்தம்

பிப்ரவரி 2, ஞாயிறு

நாளை முதல் பதினான்கு நாள் இந்த டைரியை விடாமல் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். காரணம் கல்லூரி. டி.பார்ம் முதலாண்டு உடற்கூறியல் செய்முறைக்கு, வீட்டில் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துக் காலையும் மாலையும் ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்து ரெக்கார்டு நோட்டில் ஏற்ற வேண்டும். மொத்தம் இருபத்தெட்டு அளவுகள். பி.பி. மெஷினும் ஸ்டெதஸ்கோப்பும் கல்லூரியே தந்திருக்கிறது.

வகுப்பில் நாற்பது பேர். மற்ற எல்லோருக்கும் பதினெட்டு வயது, எனக்கு முப்பத்தொன்பது. ஆனால் திருச்செங்கோட்டில் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் பதினைந்து வருஷம் நின்றவள் நான். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் கண்ணாடி போடாமல் படித்துவிடுவேன். கடைக்காரர் லைசென்ஸில் மாத்திரை எடுத்துக் கொடுத்தது போதும், என் பெயரிலேயே ஒரு சான்றிதழ் வேண்டும் என்றுதான் இந்த வயதில் பையைத் தூக்கினேன்.

ஆளுக்கு அலைய வேண்டியதில்லை. வீட்டுக்காரர் குழந்தைவேலு இருக்கிறார். ஈரோடு ரூட்டில் தனியார் பஸ் டிரைவர். இருபது வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

"ஊசி கீசி உண்டா புள்ள?" என்றார்.

"இல்லீங்க மாமா. கையில துணியைச் சுத்திக் காத்தடிக்கறது, அவ்வளவுதான்."

"வர்ற மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கோணும். டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. நீ பாட்டுக்கு எதையாச்சும் எழுதி வெச்சு வம்பு பண்ணிப்போடாத."

"என் நோட்டை எந்த டாக்டருங்க பாக்கப் போறாரு?"

ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட ஒரு கட்டம் இருக்கிறது. தினம் ரெண்டு தடவை இதற்கெல்லாம் நேரமில்லை என்று காலிக் கட்டம் இருபத்தெட்டிலும் இன்றே போட்டுத் தந்துவிட்டார். வேலை மிச்சம்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்றே மெஷின் மானத்தை வாங்கிவிட்டது.

எல்லாம் முறையாகத்தான் செய்தேன். ஐந்து நிமிஷம் உட்கார வைத்தேன், கையை நெஞ்சு உயரத்தில் வைத்தேன், காற்றடித்து மெல்ல இறக்கினேன். காதில் முதல் 'டப்' கேட்கும் இடம் மேல் அளவு, இதயம் இறுக்கிப் பிழியும்போது உள்ள அழுத்தம். சத்தம் நின்றுபோகும் இடம் கீழ் அளவு, இதயம் தளர்ந்து நிரம்பும்போது உள்ளது. 120க்கு 80 இருந்தால் நல்லது. மெஷின் காட்டியது 168க்கு 104. இரண்டாம் தடவையும் அதேதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அளவு உள்ளவர் இப்படியா உட்கார்ந்து உப்புமா சாப்பிடுவார்?

"பஸ்ஸு ஓட்டற கை, சூடாத்தான் இருக்கும்" என்றார் அவர். இன்னும் வண்டியே எடுக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

நோட்டில் 124/82 என்று எழுதினேன். ரெக்கார்டு என்றால் நார்மல் அளவு இருக்க வேண்டும், சீனியர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதிப் பாஸானார்கள். மெஷின் காட்டியதை இந்த டைரியின் ஓரத்தில் பென்சிலில் குறித்து வருகிறேன். பதினான்கு நாள் முடிந்ததும் லேபில் போய் ஆதாரத்தோடு சண்டை போடலாம்.

சாயங்காலம் வழக்கம்போல் இடுப்பு வலிக்கு ஒரு டைக்லோபெனாக், வாயுவுக்கு ஒன்று கொடுத்தேன். டிரைவர் வேலை பார்ப்பவருக்கு இடுப்பு போகாமல் இருக்குமா? எட்டு மாதமாகக் காலையும் மாலையும் அதுதான் அவரை ஓட்டுகிறது. கடையில் வேலை பார்ப்பவள் பெண்டாட்டியாக இருப்பதில் இந்த ஒரு சௌகரியம் உண்டு, எதற்கும் டாக்டரிடம் போய் உட்கார வேண்டியதில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

மெஷின்: 164/102, 170/106. நோட்டு: 122/80, 126/82. மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள் என்றேன். "நீயே பாத்துரு புள்ள" என்று நகரவில்லை. சோம்பேறித்தனம் கூடிக்கொண்டே போகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று இதயத்தின் நான்கு அறைகள். பாடம் எடுப்பவர் ஷர்மிளா பானு மேடம், என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் குரலில் ஒரு கண்டிப்பு உண்டு. பக்கத்தில் உட்காரும் பிரதீபாவுக்கு மண்டை காய்ந்துவிட்டது. இடைவேளையில் நான்தான் புரிய வைத்தேன்.

"இங்க பாரு கண்ணு. ஒரு பஸ் ஸ்டாண்டு, ரெண்டு ரூட்டு. வலது பக்கத்து வண்டி நுரையீரலுக்குப் போகும். பக்கத்து ஊரு, சின்ன டிரிப்பு. கரியமில வாயுவை இறக்கி விட்டுட்டு ஆக்சிஜனை ஏத்திக்கிட்டு இடது பக்கம் வந்து நிக்கும். இடது பக்கத்து வண்டி பெருந்தமனி வழியா உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் போகோணும். லாங் டிரிப்பு. அதனாலதான் இடது கீழறைக்கு மட்டும் செவுரு மூணு பங்கு தடிமன்."

"அப்ப வால்வு எதுக்குங்க்கா?"

"ஒன்வேக்கு. போன வண்டி அதே வழியில திரும்பி வரக்கூடாது."

"அக்கா, நீங்களே பாடம் எடுத்துருங்க" என்றாள். எடுக்கலாம்தான்.

இதயம் தள்ளுவது ஒரு தடவைக்கு ஏறக்குறைய எழுபது மில்லி, நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தடவை, அதாவது நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர். உடம்பில் உள்ள ரத்தம் முழுக்க ஒரு நிமிஷத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. நாள் ஒன்றுக்கு லட்சம் துடிப்பு, லீவே கிடையாது. நான் கடையில் நின்றதெல்லாம் ஒரு வேலையா என்று இருந்தது.

பிப்ரவரி 8, சனி

மெஷினைச் சோதித்தேன். என் கையில் 118/76. கல்லூரியில் பிரதீபா கையில் 108/70. மாலை அவர் கையில் 172/106. மெஷினுக்கு எங்கள் மேல் என்ன பாசமோ தெரியவில்லை. ஆண்கள் கை தடிமன், அதனால் துணி சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். நோட்டு: 124/80.

பிப்ரவரி 9, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன், இட்லிக்கு அரைத்தேன், மீன் வாங்கினேன். மதியம் அவர் தூங்கும்போது பார்த்தால் என் தலையணையும் அவரிடம்தான் இருக்கிறது. ரெண்டு பத்தாமல் கூடத்து மெத்தை ஒன்றையும் முதுகுக்கு மடித்து வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் வெறும் தரையில் படுத்தவர். வயசாக வயசாகச் சொகுசு கேட்கிறது. நாளை எனக்கு ஒரு தலையணை வாங்க வேண்டும்.

பொங்கலுக்கு எடுத்த ஷூ இறுக்குகிறதாம். ரப்பர் செருப்போடு வண்டிக்குப் போகிறார். கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டான், நாளை போய் ஒரு பிடி பிடிக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு இருபத்திரண்டு படி. பதினோராவது படியில் நின்று செல்போன் பார்க்கிறார். அப்படி என்னதான் வருகிறதோ அந்தப் போனில்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஷூ கடைக்காரன் அளவு சரிதான் என்கிறான். பழைய பில்லிலும் அதே எட்டாம் நம்பர்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றைய பாடம் இதயம் களைத்தால் என்ன ஆகும் என்பது. மேடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஐந்து மதிப்பெண் கேள்வி வரும்.

"இடது கீழறை வருஷக்கணக்கா அதிக அழுத்தத்துக்கு எதிரா தள்ளித் தள்ளிக் களைச்சுப் போகும். முன்னாடி தள்ள முடியாத ரத்தம் பின்னாடி தேங்கும். பின்னாடி என்ன இருக்கு? நுரையீரல். படுத்தா மூச்சு முட்டும். அதனால இவங்க தலையணையைக் கூட்டிக்கூட்டி வெச்சுப் படுப்பாங்க. படியேறினா நடுவுல நிப்பாங்க. நாளாக ஆக வலது பக்கமும் களைச்சிடும், அப்ப கால்ல நீர் கோக்கும். எத்தனை தலையணைன்னு டாக்டர் கேக்கறது சும்மா இல்ல."

"அக்கா, இதையும் பஸ்ஸை வெச்சுச் சொல்லுங்களேன்" என்றாள் பிரதீபா. அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

இன்று கையெழுத்து நேராக வரவில்லை. பேனா சரியில்லை.

மெஷின்: 170/108, 174/108. நோட்டு: 122/82, 124/82. புதுத் தலையணை வாங்கினேன். அதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இருபத்தெட்டும் முடிந்தது. வரைபடம் போட்டேன், ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடு. அவர் கையெழுத்துகளும் வரிசையாக அழகாக இருக்கின்றன. கல்லூரியிலேயே இதுதான் சிறந்த ரெக்கார்டாக இருக்கும்.

மூன்று நாளாக எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 19, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஷர்மிளா மேடம் என் நோட்டைப் புரட்டினார். "படம் ரொம்ப நல்லா இருக்கு கோகிலவாணி" என்றார். பிறகு அளவுப் பக்கத்துக்கு வந்தார்.

"யாரு இவர்?"

"என் வீட்டுக்காரருங்க மேடம்."

"உயிரோட இருக்கற மனுஷனோட பி.பி. இவ்வளவு சொன்ன பேச்சு கேக்காது. படியேறினா ஏறும், கோவம் வந்தா ஏறும். பதினாலு நாள்ல இவர் ஒரு தடவைகூடக் கோவப்படலையா?"

வகுப்பே சிரித்தது. முப்பத்தொன்பது பேரும் ஆளே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து நம்பர் போட்டவர்கள், அவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேடம் சிரிக்கவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி விரலை வைத்தார்.

"நீங்க நிஜமாவே பார்த்திருக்கீங்க. நாடி 94, 98, 96ன்னு இருக்கு. சும்மா எழுதறவங்க 72ன்னுதான் எழுதுவாங்க. பி.பி.யை மாத்துனீங்க, நாடியை மாத்த மறந்துட்டீங்க. பார்த்த நம்பர் எங்க?"

"மெஷின் ரிப்பேருங்க மேடம்."

அவர் மெஷினை வாங்கித் தன் கையில் பார்த்தார். லேபில் இருந்த இன்னொன்றிலும் பார்த்தார். இரண்டிலும் 114க்கு 74.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார். நோட்டை என்னிடமே திருப்பித் தந்தார்.

கல்லூரி வாசலில் நின்றபோது வீட்டுக்காரர் ஓட்டும் பஸ்ஸே வந்தது. டிரைவருக்கு இடது பக்கம் உள்ள சீட்டில் உட்கார்ந்தேன். எத்தனையோ தடவை உட்கார்ந்த இடம்தான். இன்று அவரைப் பார்த்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார். பிரேக்கில் இருக்கும் காலில் செருப்பு வார் பதிந்து பள்ளம் விழுந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்தவர், நின்றவர் சேர்த்து அறுபது பேருக்குக் குறையாது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தாள்.

டிரிப் முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்காரச் சொல்லி, கெண்டைக்காலுக்கு முன்புறம் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். குழி விழுந்தது. இருபது வரை எண்ணினேன். குழி அப்படியே இருந்தது.

"என்ன புள்ள பண்றே?"

"எத்தனை நாளா மாமா?"

அவர் பேன்ட்டை இழுத்துக் காலை மூடினார்.

"அஞ்சு மாசமாச்சு. ஈரோட்டு ஸ்டாண்டுல ஒரு நாள் கேம்ப் போட்டுருந்தாங்க. நூத்தி எம்பதுன்னாங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லலே?"

"சொன்னா வண்டி போயிரும். நீ வேற அப்பத்தான் படிக்கப் போனே." பிறகு சொன்னார்: "அதுவுமில்லாம நீதான் தெனம் மாத்திரை குடுக்கறயே. மெடிக்கல்ல இருக்கறவ, உனக்குத் தெரியாததான்னு நெனச்சேன். அதுலயே சரியாப் போயிரும்னு இருந்துட்டேன்."

அலமாரியில் என் பாடப்புத்தகம் இருக்கிறது. வலி மாத்திரைகள் பற்றிய பக்கத்தில் நானே மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன்: உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதய நோயாளிகளுக்கு ஆகாது. நவம்பரிலேயே போட்ட கோடு. மனப்பாடமாக ஒப்பிக்கவும் செய்தேன், பத்துக்குப் பத்து. அன்று சாயங்காலமும் வீட்டுக்கு வந்து ஒன்றை உரித்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

எட்டு மாதம், தினம் இரண்டு. சிரித்த முகத்தோடு கொடுத்தேன். நெஞ்சு அடைக்கிறது என்று அவர் சொன்ன நாளெல்லாம் வாயு மாத்திரையும் கொடுத்தேன்.

அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கல்லூரிக்குப் போகவில்லை. அவரையும் வண்டிக்கு விடவில்லை. "ஒரு ட்ரிப் மட்டும் போயிட்டு வந்தர்றனே" என்றார். நான் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். என்னைத் தாண்டிப் போக அவருக்கு மூச்சு போதாது, அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஈரோட்டில் இதய டாக்டர். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தார்கள். இடது கீழறைச் சுவர் தடித்து, வலு குறைந்திருக்கிறது. உள்ளே வரும் ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டியது, நாற்பது சதவீதம்தான் தள்ளுகிறது. திரையில் அது துடிப்பதைப் பார்த்தேன். நான் வரைந்த படத்தில் இருப்பது போலவே நான்கு அறை, ஆனால் இது அவருடையது.

"வேற என்ன மாத்திரை எடுக்கறாரு?" என்றார் டாக்டர்.

சொன்னேன். பெயர், அளவு, எத்தனை மாதம், எல்லாம்.

"எழுதிக் குடுத்த டாக்டர் யாரு?"

"நான்தானுங்க. டாக்டர் இல்லீங்க, நான் கடையில இருக்கறேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அவதானுங்க என்னைய இங்க இழுத்துட்டு வந்தா, டாக்டர்" என்றார்.

வலி மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். நீர் இறங்க ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று. சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள், ஒழுங்காக இருந்தால் வலு திரும்பும் என்றார். மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது, பிறகு பார்த்துத்தான் சொல்வாராம்.

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பழக்க தோஷம், விரல் தானாக நாடிக்குப் போய்விட்டது. தொண்ணூற்றாறு.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். பொய் அளவு ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் டைரி ஓரத்து நம்பரை ஏற்றினேன். திருத்தம் செய்தால் ஆள் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி.

நோட்டை அவரிடம் நீட்டினேன். இருபது வருஷம் ஓட்டிய வண்டி. 174க்கு 108 என்ற நம்பருக்குப் பக்கத்தில் அவரே தன் பெயரை எழுதித் தர வேண்டும்.

"இதுக்கு மார்க்கு குறையுமே புள்ள?"

"குறையட்டுங்க."

ஒவ்வொரு நம்பராகப் படித்துப் படித்துக் கையெழுத்துப் போட்டார், அரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "இவ்வளவா இருந்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன்.

நேர்கோடாக இருந்த வரைபடத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மேலே ஏறி இறங்கிக் கிடக்கிறது, பார்க்க நன்றாகவே இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

நான்கு கிலோ குறைந்திருக்கிறார், எல்லாம் நீர். எட்டாம் நம்பர் ஷூ உள்ளே போய்விட்டது. கடைக்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன். உப்பில்லாத ரசத்துக்குத்தான் வீட்டில் தினம் சண்டை. அவருக்குக் கோபம் வருகிறது, அந்தச் சமயம் பார்த்து மெஷினைக் கட்டினால் பத்து ஏறுகிறது. மேடம் சொன்னது சரிதான்.

பிரதீபாவுக்குப் பாக்கி வைத்த பாடத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். லாங் டிரிப் வண்டி கிளம்பவில்லை என்றால் ஸ்டாண்டுக்குள் வண்டிகள் தேங்கி நிற்கும், பிறகு ரோட்டிலும் நிற்கும். "இதை ஏங்க்கா அன்னைக்கே சொல்லலே?" என்றாள். அன்றைக்குத் தெரியாது என்றேன்.

மார்ச் 12, புதன்

செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நரைத்த மீசைக்காரர். இதயப் படத்தில் ரத்தம் போகும் வழியைக் கேட்டார். உடம்பிலிருந்து பெருஞ்சிரை, வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல், இடது மேலறை, இடது கீழறை, பெருந்தமனி என்று ஒரே மூச்சில் சொன்னேன். பிறகு நோட்டைத் திறந்தவர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, பக்கம் பூராவும் சிவப்பு மையா இருக்கு?"

ஷர்மிளா மேடம் பக்கத்தில் நின்றார்.

"அடிச்சது நான் ஆசைப்பட்ட நம்பருங்க சார். பக்கத்துல இருக்கறது அவருக்கு இருந்த நம்பரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"வெளியதானுங்க உக்காந்திருக்காரு. வேணும்னா நீங்களே பாருங்க."

தேர்வாளர் நிஜமாகவே எழுந்து போனார். மரத்தடியில் என் டிபன் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் கையில் துணியைச் சுற்றினார். உள்ளே வந்து என் நோட்டில் கடைசி வரிக்குக் கீழே தன் பேனாவால் 138/88 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதிப்பெண் எத்தனை என்று தெரியாது. நான் நன்றாகத்தான் செய்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

முதலாளி அவரை ஸ்டாண்டில் டைம் கீப்பராகப் போட்டிருக்கிறார். வண்டி நேரத்துக்கு வராவிட்டால் தாமதம் என்றே எழுதுகிறாராம், பழைய கூட்டாளிகள் கெஞ்சினாலும் மாற்றுவதில்லையாம். மே மாதம் மறுபடி எக்கோ. வண்டி திரும்பக் கிடைக்குமா என்று தினம் கேட்கிறார். தெரியவில்லை என்றே சொல்கிறேன்.

கடையில் மாலையில் மட்டும் நிற்கிறேன். டாக்டர் சீட்டில்லாமல் வலி மாத்திரை கேட்பவரிடம் இல்லை என்கிறேன். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், போகும்போது அவர்கள் காலைப் பார்த்து வைக்கிறேன்.

இன்று காலை அவர் இருபத்திரண்டு படியும் நிற்காமல் ஏறி, அப்படியே மேலே போய் மாடித் தொட்டியையும் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர் பாதிதான் இருக்கிறதாம். என் தலையணை என் கட்டிலுக்கு வந்துவிட்டது.

ஐந்து நிமிஷம் உட்கார வைத்துப் பார்த்தேன். 134/86. அதையே எழுதினேன்.